இரண்டு காதும் தெரிய வேண்டும்

என் வீட்டுக்காரருக்குப் புகைப்படம் பொழுதுபோக்கு, எனக்கு அது பிழைப்பு. கல்யாணமான நாள்முதல் இந்த வித்தியாசத்தை அவர் எனக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறார். அவர் எடுப்பது கலையாம், நான் எடுப்பது வேலையாம். அவருடைய முதல் பெரிய லென்ஸ் அந்த வேலையில் வந்த காசில்தான் வாங்கியது என்று நான் ஞாபகப்படுத்தினால் மனிதர் முகம் சுருங்கிப்போகும். உனக்கு எதிலும் ரசனை கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்த லென்ஸையே எடுத்துத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

என் கடை, வெளிநாட்டு வேலைக்கு பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் கால் சுவரில் முட்டும், அவ்வளவுதான் இடம். முதுகு இல்லாத ஸ்டூல் ஒன்று, வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் குடை மாட்டிய விளக்குகள், மூலையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். ஆணியில் ஒரு கருநீலக் கோட்டு தொங்கும். வெள்ளைச் சட்டையில் வருகிறவர்கள் வெள்ளைத் திரையில் கரைந்து வெறும் தலையாகிவிடுவார்கள், அதற்காக. ஒல்லியானவர்களுக்கு முதுகுப்பக்கம் துணிக் கிளிப் போட்டுப் பிடித்துவிடுவேன். குண்டானவர்களுக்கு முன்னால் மட்டும் போர்த்திவிடுவேன். என் படத்தில் எல்லோரும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்.

எதிர் அலுவலகத்துக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இரண்டு காதும் தெரிய வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். முகத்திலும் நிழல் விழக் கூடாது, பின்னால் திரையிலும் விழக் கூடாது. சிரிக்கக் கூடாது, அழுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. இதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்கிறவர்கள் ஒருநாள் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கட்டும். கேமராவைத் தூக்கியதும் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த மாதிரி விறைத்துப்போகிறார்கள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்பேன். யோசிக்கிற அந்த ஒரு நொடி முகம் தானாக இளகும், அப்போது எடுத்துவிடுவேன்.

நம் ஆள் மின்சார அலுவலகத்தில் புகார் பிரிவில் இருந்தார். வாரம் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பார். லீவு நாளில் விடிவதற்கு முன்னாலேயே ஏரிக்கரையில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வார். கொக்கு வரும், எடுப்பார். கூடவே இன்னும் ஏழெட்டுப் பேர் படுத்திருப்பார்கள். அதற்குப் புகைப்படக் கழகம் என்று பெயர். பல் டாக்டர் ஒருவர் தலைவர், சிமென்ட் வியாபாரி ஒருவர் பொருளாளர். எல்லோரும் சேர்ந்து ஒரே கொக்கை எடுத்துவிட்டு, யாருடைய கொக்கு ஒசத்தி என்று வாரக்கணக்கில் போனில் சண்டை போடுவார்கள். வீட்டில் லென்ஸ்களுக்கு ஈரம் ஏறாத தனிப் பெட்டி உண்டு, அதற்குள் ராப்பகலாக ஒரு குட்டி விளக்கு எரியும். என் துணிமணிகள் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

இத்தனை வருஷத்தில் என்னை அவர் ஒரு படம் எடுத்ததில்லை. பொய் சொல்லக் கூடாது, என் கையை எடுத்திருக்கிறார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கறுப்பு வெள்ளையில். 'உழைப்பு' என்று தலைப்பு வைத்துக் கழகத்தில் மூன்றாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கைக்கு மேலே ஒருத்தி கண் எரிந்து நின்றிருந்தாள் என்பது நடுவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

பொழுதுபோக்காக இருந்தவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. கொக்குக்கும் இல்லை. விருப்ப ஓய்வு கொடுக்கிறோம் என்று மின்சார அலுவலகத்தில் அறிவித்ததும், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் நான் ப்ரொஃபஷனல் என்றார். விசிட்டிங் கார்டு அடித்தார், அதில் பெயருக்குக் கீழே 'ஒளி ஓவியர்' என்று இருந்தது. புகார் பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

தெரிந்த வீட்டில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். போனவர், பலூனில் தெரிந்த ஜன்னலை எடுத்தார், தரையில் சிந்திய ஜூஸை எடுத்தார், யாரோ கழற்றிப் போட்ட செருப்பை எட்டுக் கோணத்தில் எடுத்தார். கேக் வெட்டிய படம் எங்கே என்று குழந்தையின் அம்மா கேட்டாள். அதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களே என்றாராம் இவர். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே இவரை யாரும் கூப்பிடவில்லை. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்னவோ, வேறு இடம் இல்லாமல் மனிதர் என் கடைமேல் கண் வைத்தார். நல்ல இடத்தில் இருக்கிறது, வருகிறவர்களெல்லாம் எப்பேர்ப்பட்ட முகங்கள், நீ அதை முத்திரை குத்துகிற மாதிரி எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாயே என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் ஆரம்பித்துவிடுவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி உயிரைக் குடித்தது. கழகத் தலைவரிடமே போ, நம் ஆள் என்றால் பார்த்து வாங்குவார் என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலையில் வரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நைட் டியூட்டி என் கடைக்கு முதல்முதலாக வந்தாள்.

நைட் டியூட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாள், பதினைந்து வருஷமாக ராத்திரி வேலை மட்டும்தான். கட்டில்காரர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது, பெட்பேன் எடுப்பது. வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எல்லாத் தாளும் ரெடி, படம் ஒன்றுதான் பாக்கி. மறுநாள் மத்தியானத்துக்குள் கவுன்டரில் கொடுத்தால் அந்த பேட்சில் சேர்த்துவிடுவார்கள். விட்டால் அடுத்த பேட்ச் அரை வருஷம் கழித்துத்தான், அதற்குள் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். ஆக இதுதான் முதலும் கடைசியும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அதைச் சொல்லிவிட்டு, அது பெரிதில்லை என்கிற மாதிரி கையை ஆட்டினாள்.

"அங்க பகல் வேலைக்கா. ராத்திரி படுத்துத் தூங்கலாம். எல்லாரும் தூங்குறப்ப நானும் தூங்கலாம்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதே உட்காரவைத்து எடுத்திருப்பேன். ஆனால் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, வேர்த்து வழிந்து நிற்கிறேன், காலையில் முகம் கழுவிக்கொண்டு நேரே வருகிறேன் என்றாள். சரி என்றேன். பல் விஷயம் எனக்கு மறந்தே போயிற்று. ராத்திரி ஞாபகம் வந்தபோது வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து எல்லாம் சொன்னேன். விளக்கு இரண்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்கட்டும், தரையில் கேமராவுக்கு டேப் ஒட்டியிருக்கிறேன், காது தெரியணும், நிழல் கூடாது, எடுத்து அனுப்பிவிடுங்கள் என்றேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுக்கக்கூடிய படம் அது. தலையை ஆட்டினார்.

பல் டாக்டர் தன் அறையில், படுக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி கூரையில் தன் புலிப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார். என் வாயைக் கிழித்துப் பிளந்து வைத்துக்கொண்டு, அந்தப் புலிக்காக ஜீப்பில் எத்தனை நாள் அலைந்தார் என்று சொன்னார். பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துத்தான் இவர்கள் கலையைப் பற்றிப் பேசுவார்கள். உன் வீட்டுக்காரரிடம் பெரிய திறமை இருக்கிறதம்மா, நீதான் தட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காதே என்று அனுப்பினார்.

தாடை வீங்கி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பினால், என் கடை திறந்து கிடக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஒரு விளக்கில் குடையைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தது. இன்னொரு விளக்கு சுவரைப் பார்த்து நின்றிருந்தது. ஸ்டூல் திரையை விட்டு வாசல் பக்கம் வந்துவிட்டிருந்தது. மேஜையில் படத்தின் மீதிப் பிரதிகள் கிடந்தன. பார்த்ததும் எனக்குப் பிடுங்காத பல்லெல்லாம் வலித்தது. நைட் டியூட்டியின் முகம் இடப்பக்கம் வெளிச்சமாகவும் வலப்பக்கம் கும்மிருட்டாகவும் இருந்தது. முடி கலைந்து ஒரு காதை மூடியிருந்தது. இன்னொரு காது இருட்டில். அவள் கேமராவையே பார்க்கவில்லை, வாசல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. காலையில் அவள் சொன்னபடி வந்திருக்கிறாள். இவர் முகம் கழுவவிடவில்லை, தலை வாரவிடவில்லை. அப்படியே இரு, அதுதான் வேண்டும் என்றிருக்கிறார். வாசலில் வெயில் ஒரு பக்கமாக வரும்வரை காத்திருந்து நூறு படம் எடுத்திருக்கிறார். காது தெரியணும் என்று அக்கா சொன்னார்களே என்று அவள் கேட்டதற்கு, காதில் என்னம்மா இருக்கிறது, கண்தான் முக்கியம் என்றிருக்கிறார். முன்கூட்டியே காசையும் வாங்கிக்கொண்டார், அதுதான் ப்ரொஃபஷனலாம். அவள் நம்பியிருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர்தானே, தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாளாம்.

கவுன்டரில் படத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓடிவந்து சொன்னாள். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் விளக்கைப் போட்டு இன்னொரு படம் எடுத்திருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை, நான் வந்து பேசுகிறேன் என்று, அவளையும் இழுத்துக்கொண்டு எதிர் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

நான் ரோட்டைக் கடந்து உள்ளே நுழைந்தபோது கவுன்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒளிக்கும் நிழலுக்கும் என்ன உறவு என்று அந்த அம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கவுன்டர் அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைட் டியூட்டி ஓரமாகச் சுவரில் சாய்ந்து, தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் உயிர் வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை, பேசவும் முடியாது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டூலைத் தள்ளி, குடையை மாட்டி, விளக்கைத் திருப்பி, அவள் முகத்தை ஈரத்துணியால் நானே துடைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி எடுத்தேன். அடுப்பை அணைத்தாயா என்று கேட்க வாயில் பஞ்சு. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, அவளுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. அச்சடித்து, வெட்டி, ஈரம் காயாமலே எடுத்துக்கொண்டு ஓடினால், கண்ணாடிக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பக்கக் கதவைத் தட்டினேன். கவுன்டர் அம்மாளுக்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும், அவள் குடும்பம் முழுக்க என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்தாள், படத்தை வாங்கிப் பார்த்தாள், சரியாக இருக்கிறது என்றாள். ஆனால் கம்ப்யூட்டரில் பேட்ச் மூடிவிட்டதாம்.

"உங்க வீட்டுக்காரர் பேசிட்டிருந்த நேரத்துல பத்துப் பேர முடிச்சிருப்பேன். அதுல இவங்களும் ஒருத்தர். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

நான் பஞ்சைத் துப்பிவிட்டுக் கெஞ்சினேன். ரத்தமும் எச்சிலுமாக என்ன பேசினேன் என்று எனக்கே புரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினாள். நைட் டியூட்டி என் கடைக்கு வந்து, கழற்றி வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், போனது போகட்டும்க்கா என்று வாங்க மறுத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரியும் அவளுக்கு டியூட்டி இருந்தது.

வீட்டுக்காரரிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை. வலிக்கிறது போலிருக்கிறது என்று கஞ்சி வைத்துக் கொடுத்தார். பேச ஆரம்பித்த அன்று, அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்றேன். வருத்தம்தான் என்றார், உண்மையாகவே தலையைத் தொங்கப்போட்டார். அடுத்த மூச்சிலேயே, ஆனால் அந்தப் படத்தை நீ சரியாகப் பார்க்கவில்லை என்றார். இந்த ஜென்மத்தை என்ன செய்வது? கடைக்கு வரக் கூடாது என்று சொன்னேன். சாவியில் ஒன்று அவரிடமே இருந்துவிட்டது, அதை நான் கேட்டு வாங்கவில்லை. சாயங்காலங்களில் நான் வந்த பிறகு போய் என் கம்ப்யூட்டரில் என்னவோ வேலை செய்துகொண்டிருந்தார். தொந்தரவில்லாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

மாசங்கள் போயின. ஒரு நாள் பிற்பகல் நைட் டியூட்டி வந்தாள். ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை புதுப்பிக்கிறார்கள், அதற்குப் படம் வேண்டும் என்றாள். அதே வேலை, அதே ராத்திரி. கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் இறங்கியிருந்தது. நான் எடுத்து, வெட்டிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் கிடந்த ஒரு கார்டை அவள் எடுத்துப் பார்த்தாள். கழகத்தின் கண்காட்சி அழைப்பு. முந்தின நாள் வீட்டுக்காரர் கட்டோடு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார், நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் பெரிதாக அவள் முகம் இருந்தது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. முதல் பரிசு என்று கீழே பொன்னிறத்தில் போட்டிருந்தது.

"அக்கா, இது நானா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கண்காட்சி அன்றைக்குத்தான். கடையைச் சாத்தினேன். வா, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். சீருடையில் இருக்கிறேனே, அப்படியே டியூட்டிக்குப் போகணுமே என்று தயங்கினாள். கழகத்துக்காரர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், துணியைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். முகத்தையும் பார்க்க மாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வாடகைக்கு எடுத்த நீள ஹால், மூன்று சுவரிலும் கொக்கு. நாலாவது சுவரில் அவள் மட்டும். ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இல்லாத மரச் சட்டத்தில், தனி விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே 'தீராத் துயரம்' என்று எழுதியிருந்தது. கூட்டம் அரைவட்டமாக நின்றது. நம் ஆள் புதுச் சட்டையில் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்காக எடுத்த காலத்தில் பறவைகளை எடுத்தாராம், தொழில் என்று இறங்கிய பிறகுதான் மனிதன் கண்ணுக்குத் தெரிந்தானாம். பல் டாக்டர், இந்தக் கண்களில் பரம்பரை பரம்பரையான சோகம் இருக்கிறது என்றார். சிமென்ட் வியாபாரி, புதுவீட்டு ஹாலுக்கு வேண்டும், என்ன விலையானாலும் சரி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நைட் டியூட்டி மெதுவாக விலக்கிக்கொண்டு போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். அந்த முகமும் இந்த முகமும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அத்தனை பேரும் அவளுக்கு எதிரே நின்றார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. கண்களைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள்!

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, படம் மறைக்குது" என்றார் சிமென்ட் வியாபாரி.

வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். புகார் பிரிவில் இருபத்தைந்து வருஷம் இருந்த ஆள், ஒரு புகாரைப் பார்த்தால் தெரியாதா? சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, இவங்கதான் அந்த அம்மா என்று அவளைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தினார். கை தட்டினார்கள். பல் டாக்டர் அவளிடம் குனிந்து, உங்கள் துயரத்தை உலகத்துக்கே காட்டிவிட்டார் பார்த்தீர்களா என்றார். அவள் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துயரமெல்லாம் இல்ல சார். தூக்கம். ராத்திரி ரெண்டு பேர் செத்துட்டாங்க, உக்கார நேரமில்ல. இவர் வேற மூஞ்சி கழுவாதேன்னுட்டார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "துயரம் இதுக்கப்புறம் வந்துச்சு. அத இவர் எடுக்கல."

அவள் கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள். சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கொக்கியிலிருந்து எடுத்து, நாற்காலிமேல் கவிழ்த்தாள். நோயாளியைப் புரட்டிப் பழகிய கை, சிரமமே இல்லை. பின்பக்கம் ஆணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் மடக்கி, படத்தை உருவினாள்.

"என்னம்மா பண்றே? அது என் படம்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் காசு குடுத்து எடுத்தது சார். சின்னதா எட்டுக் காப்பி கேட்டேன், நீங்க பெருசா ஒண்ணு போட்டிருக்கீங்க. பரவால்ல."

படுக்கை விரிப்பைச் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டினாள். வெறும் சட்டத்தைத் தூக்கி மறுபடி கொக்கியில் மாட்டி, கோணாமல் சரிசெய்தும் வைத்தாள். என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, வரேன்க்கா, டியூட்டிக்கு நேரமாச்சு என்று நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. நீயாவது சொல்லேன் என்று வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொன்னேன்.

"தொழில்னு வந்துட்டீங்கல்ல? தொழில்ல படம் காசு குடுத்தவங்களோடது. கொக்கு காசு குடுக்காது, அதனால கொக்கெல்லாம் உங்களோடது."

அப்போதாவது அந்த மனிதர் அவள் பின்னால் நாலு எட்டு நடந்திருந்தால், மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் சட்டத்தைப் பார்த்தார், சிமென்ட் வியாபாரியைப் பார்த்தார். கவலைப்படாதீர்கள், ஃபைல் கடையில் இருக்கிறது, நாளைக்கே வேறு பிரிண்ட் போட்டுவிடலாம் என்றார். பல் டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டினார். எவரோ தட்டில் பிஸ்கட் கொண்டுவந்தார்கள். கூடியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் கையை நீட்டினேன். கடைச் சாவி என்றேன். என்ன, ஏது என்று கேட்டார், நீட்டிய கையை நான் மடக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அன்றைக்கு எடுத்த நூற்றுச்சொச்சமும் அவர் பெயர் போட்ட ஃபோல்டரில் இருந்தன, பரிசு வாங்கியது உட்பட. அதைத் திறந்து முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் ஸ்டூலில் உட்காரவைத்த ஒருத்தரைக்கூட நான் அப்படி எடுத்ததில்லை. ஆனால் அதில் துயரமும் இல்லை, அவள் சொன்ன தூக்கம் மட்டுமாகவும் இல்லை. அவள் வாசல் வழியாக எதிர் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம், ராத்திரியில் தூங்கலாம் என்று என்னிடம் சொன்னபோது இருந்த அதே முகம். கிடைத்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை எடுத்துவிட்டு, அதற்குத் துயரம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். அழித்தால் திரும்ப வராது, சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவளிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. சம்மதம் என்று அழுத்திவிட்டு, விளக்கை அணைத்து, இரண்டு சாவியையும் என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.